ஆலப்புழாவில் ஒரு மலையாளி!

ஐ.வி. சீஸன் வந்தாச்சு. கொச்சிப் பக்கம் கிளம்புற மக்களுக்கு ஒரு வார்த்தை.

எந்தக் காலேஜா இருந்தாலும் சரி, எந்த பிராஞ்சா இருந்தாலும் சரி, கொச்சி ஐ.வி. ஷெட்யூலில் கடைசி நாளுக்கு நேரா 'லோக்கல் விசிட்'னு ஒரு வரி இருக்கும். அதுக்கு அர்த்தம் ஆலப்புழா. ஆலப்புழான்னா ஹவுஸ்போட். ஹவுஸ்போட்னா ஸ்பீக்கர், டான்ஸ், கரிமீன், நாலு ஜி.பி. போட்டோ. சாயங்காலம் பஸ் ஏறி 'செம ஊர்டா மச்சி'ன்னு தூங்கிட வேண்டியதுதான். 'ஊர்ல என்னடா பார்த்தீங்க?'ன்னு யாராவது கேட்டா, 'தண்ணி'ங்கிறதைத் தவிர வேற பதில் வராது!

ஹவுஸ்போட்டைத் திட்டுறதுக்காக இதை எழுதலை. கையில் காசு இருந்தா தாராளமா ஏறுங்க பாஸ். எங்க கிளாஸில் மூணு பேருக்கு அந்தக் காசு, மெஸ் பில்லில் பாதி. சார்கிட்ட லெட்டர் எழுதிக் கொடுத்துட்டு மூணு பேரும் கழண்டுகிட்டோம். ஆளுக்கு முந்நூறு ரூபாய். விடிகாலையில் எர்ணாகுளத்தில் ட்ரெயின் ஏறி, ராத்திரி ஊருக்குப் போற வண்டிக்கு எர்ணாகுளம் திரும்பிடணும். நடுவில் ஒரே ஒரு பகல். அந்தப் பகலில் இருநூத்தம்பது வருஷத்துக்கும் மேல் பழைய ஒரு கால்வாய் நகரத்தை எப்படிப் பார்க்கிறது? இதான் மேட்டர்.

ஒரே நாள்தான் இருக்குன்னா, 'பார்க்க வேண்டிய பத்து இடங்கள்' லிஸ்ட்டை முதலில் தூக்கிப் போடுங்க. பத்தையும் ஓடி ஓடிப் பார்த்தா மனசில் ஒண்ணும் தங்காது. அதுக்குப் பதிலா ஒரு கேள்வியை எடுத்துக்கிட்டு அது பின்னாடியே நடங்க. எங்க கேள்வி ரொம்ப சிம்பிள். 'இந்தக் கால்வாயை எதுக்கு வெட்டினாங்க?' போட்டோ எடுக்கிறதுக்காக எந்த ராஜாவும் மண்வெட்டி கொடுத்து ஆளை இறக்கியிருக்க மாட்டாரில்ல?

ஆலப்புழா ரயில்வே ஸ்டேஷன் கடற்கரைக்குப் பக்கத்தில் இருக்கு. படகுத்துறையும் பஸ் ஸ்டாண்டும் ஊரின் கிழக்கே. எல்லாரும் ஸ்டேஷனில் இறங்கின உடனே ஆட்டோ பிடிச்சுப் படகுத்துறைக்கு ஓடுறாங்க. நீங்க எதிர்ப்பக்கம் திரும்பி கடலுக்குப் போங்க. கதை அங்கேதான் ஆரம்பிக்குது.

காலை ஏழரைக்கு பீச்சில் எங்க மூணு பேரையும் காக்காவையும் தவிர ஆளே இல்லை. கடலுக்குள் துருப்பிடிச்ச இரும்புத் தூண்கள் வரிசையா நிக்குது. 1862-ல் கட்டின கடல்பாலத்தின் மிச்சம் அது. கலங்கரை விளக்கமும் அதே 1862-ல்தான் எரிய ஆரம்பிச்சது. ஊருக்கு வயசு அதைவிட நூறு கூட. திருவிதாங்கூரை தர்மராஜா ஆண்டப்போ, 1762-ல், இங்கே துறைமுகம் திறந்தாங்க. பின்னாளில் திவானாக இருந்த ராஜா கேசவதாஸ்தான் இந்த நகரத்தைத் திட்டம் போட்டு உருவாக்கினவர்னு ஊர் அவரைக் கொண்டாடுது. பம்பாய், கட்ச் பக்கத்திலிருந்து வியாபாரிகளை வரவழைச்சுக் குடியேத்தினாங்க. அவங்க வழி வந்த குஜராத்தித் தெருவும் சமணக் கோயிலும் இன்னைக்கும் கடற்கரைப் பக்கத்தில் இருக்கு.

இதில் ஒரு ஆச்சரியம். ஆலப்புழாவில் இயற்கையான துறைமுகமே கிடையாது! குடா இல்லை, மறைவு இல்லை, நேரா திறந்த கடல். அப்புறம் எப்படிக் கப்பல் நின்னது? 'சாகர'ன்னு உள்ளூரில் சொல்றாங்க. மழைக்காலத்தில் கடலடியில் இருக்கிற மெல்லிய சேறு கலங்கி எழுந்து, வர்ற அலையின் சக்தியை அப்படியே விழுங்கிடும். ரெண்டு பக்கமும் கடல் கொந்தளிக்க, நடுவில் ஒரு பட்டை மட்டும் எண்ணெய் ஊத்தின மாதிரி அமைதியா கிடக்கும். மத்த துறைமுகங்கள் கதவைச் சாத்துற தென்மேற்குப் பருவமழையிலும் இங்கே சரக்கு ஏத்த முடிஞ்சதுக்கு இதுதான் காரணம். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் 'எனர்ஜி டிஸ்ஸிபேஷன்'னு ரெண்டு மார்க்குக்கு மனப்பாடம் பண்ணியிருப்போமே, அதை வெச்சு ஒரு ஊரே பொழைச்சிருக்கு!

சரி, கப்பல் கடலில் நிக்குது. சரக்கு எங்கேயிருந்து வரணும்? மிளகும் ஏலமும் விளையறது கிழக்கே மலையில். மலையிலிருந்து ஆறுகள் இறங்கி வேம்பநாட்டுக் காயலில் சேருது. காயலுக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு மணல் பட்டை. அந்தப் பட்டையில்தான் ஊர் இருக்கு. மலைச் சரக்கு படகில் ஏறினா, இறங்காமலே கடற்கரை வரைக்கும் வரணும். அதுக்காகத்தான் காயலில் இருந்து கடலைப் பார்த்து ரெண்டு கால்வாய், ஒண்ணுக்கொண்ணு இணையா. வடக்கே வாடைக் கால்வாய், தெற்கே கமர்ஷியல் கால்வாய். ஊரின் கடைவீதி, பண்டகசாலை, கோயில், மசூதி எல்லாம் இந்த ரெண்டு கோட்டை ஒட்டி வளர்ந்ததுதான்.

கேள்விக்குப் பதில் கிடைச்சிடுச்சு. மலையைக் கடலோடு சேர்க்கத்தான் கால்வாய்.

இந்த இடத்தில் என்னைப் பத்தி ரெண்டு வரி சொல்லியாகணும். என் ஊர் வெள்ளிமலை. கல்வராயன் மலை மேல இருக்கு. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி, வளைஞ்சு வளைஞ்சு ஏறினா வரும். 2019-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானப்போ கல்வராயன் மலைக்குத் தனித் தாலுகா கிடைச்சுது. தலைமையிடம் எங்க ஊர்தான் (பெருமை, பெருமை!). எங்க மலையிலிருந்து கடுக்காய், புளி, தேன், சாமை எல்லாம் காலங்காலமா கீழே இறங்குது. யார் தலையில், யார் தோளில் இறங்குச்சுங்கிறது தாத்தா சொன்ன கதை. கீழே இறங்கின பிறகு அது எங்கே போகுதுன்னு யோசிச்சதே இல்லை. ஆலப்புழா பீச்சில் நின்னப்போதான் முதல்தடவையா 'மலையின் மறுமுனை' எப்படி இருக்கும்னு பார்த்தேன். புறநானூற்றில் முசிறித் துறைமுகம் பத்தின ஒரு பாட்டில் மலைப்பொருளும் கடல்பொருளும் ஒண்ணா சேர்றதைப் பத்தி வரும். பிளஸ் டூ தமிழ் மிஸ் நடத்தினது அன்னைக்கு உறைக்கலை. அங்கே உறைச்சுது.

இன்னொரு தமாஷ் தெரியுமா? உலக மார்க்கெட்டில் 'ஆலப்பி ஃபிங்கர்'னு ஒரு மஞ்சள் ரகம் பிரபலம். 'ஆலப்பி கிரீன்'னு ஏலக்காய் ரகமும் உண்டு. ரெண்டும் ஆலப்புழா மணலில் விளையறது இல்லை. விளையறது மூவாற்றுப்புழை, தொடுபுழை, இடுக்கி மலைப் பக்கம். ஏத்தி அனுப்பின துறைமுகத்தின் பேர் ஒட்டிக்கிச்சு. இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. எங்க மலையில் திரும்பின பக்கமெல்லாம் குச்சிக்கிழங்குதான். அதான்பா, மரவள்ளி. லாரியில் ஏறி ஆத்தூர், சின்னசேலம், சேலம்னு ஜவ்வரிசி மில்லுக்குப் போகும். மில்லில் மாவுச்சத்து எத்தனை 'பாயிண்ட்'னு பார்த்து விலை சொல்வாங்க. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கினப்போ அதுக்குப் பேர் 'சேலம் ஜவ்வரிசி'. வருத்தமெல்லாம் இல்லை. விளைஞ்ச இடத்தைவிட விலை போற இடத்துக்குத்தான் பேர் கிடைக்கும் போலன்னு ஒரு எண்ணம், அவ்வளவுதான்.

பீச்சிலிருந்து கால்வாயை ஒட்டி கிழக்கே நடங்க. வேடிக்கை பார்த்துக்கிட்டே போனா ஒன்றரை மணி நேரம். உண்மையைச் சொல்லிடறேன், கால்வாய் சில இடத்தில் அழகா இருக்கு, சில இடத்தில் ஆகாயத் தாமரை மூடிக் கிடக்கு, சில இடத்தில் மூக்கைப் பொத்திக்கணும். 'கிழக்கின் வெனிஸ்'னு கர்சன் பிரபு சொன்னதா எல்லா போர்டிலும் எழுதி வெச்சிருக்காங்க. கர்சன் மூக்குக்கு அப்போ என்ன எட்டுச்சோ தெரியாது!

ஆனா அதுக்குள்ள ஒரு நல்ல கதை இருக்கு. நம்ம செட் சம்பந்தப்பட்டது. 2017-ல் கிலா என்ற கேரள உள்ளாட்சிப் பயிற்சி நிறுவனமும் ஐ.ஐ.டி. பம்பாயும் சேர்ந்து 'கனால்பி'ன்னு ஒரு வேலையை ஆரம்பிச்சாங்க. காலேஜ் பசங்களும் பொண்ணுங்களும் இந்த ஊர் வீதி வீதியா இறங்கி, எந்த வீட்டுக் குழாய், எந்த ஓட்டல் சாக்கடை எந்த ஓடையில் விழுந்து கால்வாய்க்கு வருதுன்னு அளந்து, வரைபடம் போட்டாங்க. கால்வாயைத் தூர் வாரினா மட்டும் போதாது, சாக்கடை உள்ளே வர்ற வழியை முதலில் கண்டுபிடிக்கணும்ங்கிறதுதான் லாஜிக். நாம 'ப்ராஜெக்ட்'னு யாரோ செஞ்சு கொடுத்ததை பைண்டு பண்ணி வைக்கிறோம் (உங்களைச் சொல்லலைப்பா!). குப்பை விஷயத்திலும் இந்த ஊர் சாதாரணமில்லை. வீட்டுக் குப்பையை வீட்டிலேயும் வார்டிலேயும் மட்க வைக்கிற முறைக்காக 2017-ல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு பாராட்டின அஞ்சு நகரங்களில் ஆலப்புழாவும் ஒண்ணு.

வழியில் ஓடு வேய்ந்த பெரிய பெரிய பண்டகசாலைகள் வரும். பூட்டிக் கிடக்கிறதுதான் அதிகம். சில கட்டடங்களை மியூசியம் ஆக்கிட்டு வர்றாங்க. 1859-ல் ஜேம்ஸ் டாரா என்ற அமெரிக்கர் இந்த ஊரில்தான் முதல் தென்னைநார்ப் பாய் ஃபாக்டரியை ஆரம்பிச்சார். வீட்டு வாசலில் கால் துடைக்கிற பழுப்பு மேட் இருக்கில்ல, அது உலகத்துக்குப் போனது இங்கேயிருந்து. அந்த ஃபாக்டரி ஆளுங்களும், படகுக்காரங்களும், வயல்கூலிகளும் சேர்ந்து 1946 அக்டோபரில் திவான் ஆட்சியை எதிர்த்து நின்னாங்க. கையில் பாக்கு மரத்தைச் சீவின ஈட்டி. எதிரில் துப்பாக்கி. புன்னப்ரா - வயலார் போராட்டம்னு சரித்திரத்தில் இருக்கிறது அதுதான். செத்தவங்க நூற்றுக்கணக்கில். ஹவுஸ்போட் பேக்கேஜில் இது வராது.

அப்படி ஓஹோன்னு இருந்த ஊர் ஏன் தூங்கிப் போச்சு? வடக்கே கொச்சியில் 1920-களில் ராபர்ட் பிரிஸ்டோன்னு ஒரு இன்ஜினீயர் முகத்துவாரத்தில் அடைச்சிருந்த மணல் மேட்டை வெட்டி, பெரிய கப்பல் உள்ளே வர வழி பண்ணினார். தோண்டின மண்ணைக் கொட்டினதில் வில்லிங்டன் தீவே உருவாச்சு. 1928-ல் கப்பல் உள்துறைமுகத்துக்குள் நுழைஞ்சுது. நடுக்கடலில் நின்னு தோணியில் சரக்கு ஏத்துற ஊரை இனிமே யார் தேடி வருவாங்க? அப்புறம் ரோடும் லாரியும். ரயில் இந்த ஊருக்கு வந்ததே 1989-ல்தான். அதுக்குள்ள கால்வாய்க்கு வேலை போயிடுச்சு. வேலை போன கால்வாயை ஊர் சாக்கடையா பார்க்க ஆரம்பிச்சுது. சரக்குப் படகா ஓடின கெட்டுவள்ளம் 1990-களில் கட்டில், பாத்ரூம், ஏ.ஸி.யோட ஹவுஸ்போட்டா மாறிச்சு. 'கெட்டு'ன்னா கட்டுறது. ஆணியே அடிக்காம, ஆஞ்சிலிப் பலகைகளைத் தேங்காய்நார்க் கயிறால் தைச்சுக் கட்டின வள்ளம். ஹவுஸ்போட்டில் போறவங்க அந்தத் தையலையாவது குனிஞ்சு பாருங்க ப்ளீஸ்.

பத்தரைக்கு ஜெட்டிக்கு வந்தோம். இப்போ முக்கியமான டிப்ஸ். ஜெட்டியில் நாலு பேர் உங்களைச் சூழ்ந்து 'போட்டிங்? போட்டிங்?'னு கேப்பாங்க. சிரிச்சுட்டு நகர்ந்து, அரசு நீர்ப்போக்குவரத்துத் துறையின் டிக்கெட் கவுன்டர் பக்கம் போங்க. 1968-லேயிருந்து இருக்கிற துறை, தலைமை ஆபீஸே ஆலப்புழாவில்தான். நம்ம ஊர் டவுன் பஸ் மாதிரி படகு விடுறாங்க. கோட்டயம், நெடுமுடி, காவாலம், கைநகரின்னு போர்டு. டிக்கெட் விலை ஒரு செட் பரோட்டாவைத் தாண்டாது. ஹவுஸ்போட் போற அதே தண்ணியில்தான் இதுவும் போகும்! சும்மா ஒப்பிட்டுப் பாருங்க. நிஜ வெனிஸில் 2024-லிருந்து, கூட்டம் அதிகமான நாட்களில் தங்காம வந்துட்டுப் போறவங்ககிட்ட ஊருக்குள் நுழையவே அஞ்சு யூரோ வாங்க ஆரம்பிச்சுட்டாங்க. நம்மள மாதிரி 'ஒரு பகல்' கேஸ்களுக்குத்தான் அந்த வசூல். ஆலப்புழாவில் அந்தக் காசுக்கு நாள் முழுக்கப் படகில் சுத்தலாம்.

நாங்க ஏறினது நெடுமுடி படகு. மெக்கானிக்கல் மக்கள் கண்டிப்பா படகின் நடுவில் உட்காருங்க. முன்னாடி ஸ்டியரிங் பிடிக்கிறவர் ஸ்ராங்க். அவர்கிட்ட ஆக்ஸிலேட்டரும் இல்லை, கியரும் இல்லை. எல்லாம் நடுவில் இன்ஜின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற டிரைவர் கையில். ஸ்ராங்க் ஒரு கயிறை இழுப்பார், டிங்னு மணி அடிக்கும். அதைக் கேட்டு டிரைவர் வேகம் கூட்டுவார், குறைப்பார், ரிவர்ஸ் போடுவார். ஒருத்தருக்கு வழி தெரியும், இன்ஜின் தெரியாது. இன்னொருத்தர் இன்ஜினைப் பார்ப்பார், வழியைப் பார்க்க மாட்டார். மணிச் சத்தத்தை நம்பி அத்தனை பேரையும் இடிக்காம கொண்டுபோய் விடுறாங்க. எங்க மூணு பேரும் வாயைப் பிளந்து அதையே கால் மணி நேரம் பார்த்துக்கிட்டிருந்தோம்.

அப்போதான் பக்கத்தில் காய்கறிப் பையோட உட்கார்ந்திருந்த சேச்சி கேட்டாங்க. ஐம்பது வயசு இருக்கும்.

"மலையாளி ஆணோ?"

என் வாயிலிருந்து பட்டுனு வந்துடுச்சு. "ஆமா சேச்சி, மலையாளிதான். ஆனா மலையாளம் தெரியாது!"

என் ஃப்ரெண்ட்ஸ் ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க. சேச்சி என்னை மேலும் கீழும் பார்க்கிறாங்க. விஷயம் என்னன்னா, என் கம்யூனிட்டி சர்டிஃபிகேட்டில் இருக்கிற பேர் 'மலையாளி'. கல்வராயன், சேர்வராயன், கொல்லிமலை, பச்சைமலைன்னு இந்த மலைகளில் இருக்கிற பழங்குடி நாங்க. மலையை ஆள்றவன் மலையாளி. காஞ்சிபுரத்துப் பக்கமிருந்து மலையேறி வந்தவங்கன்னு எங்க பெரியவங்க கதை சொல்வாங்க. பேசுறது தமிழ். ஃபர்ஸ்ட் இயர் ஹாஸ்டல் அட்மிஷனில் 'கேரளாவாப்பா? ஓணத்துக்கு லீவு வேணுமா?'ன்னு கேட்டாங்க. அதிலிருந்து எங்க பிளாக்கில் என் பேர் 'சேட்டா'!

இதையெல்லாம் அரைகுறை பாஷையில் விளக்கினதும் சேச்சிக்கு ஒரே சந்தோஷம். முன் ஸீட், பின் ஸீட்டுக்கெல்லாம் கூப்பிட்டுச் சொல்றாங்க. "இவன் ஒறிஜினல் மலையாளி! நம்மளெல்லாம் தண்ணியில் இருக்கிறவங்க, இவன்தான் மலையில் இருக்கிறவன்!" படகே சிரிக்குது. அப்புறம் எந்த ஊர்னு கேட்டாங்க. கள்ளக்குறிச்சின்னேன். பின்னாடி இருந்த ஒரு பெரியவர் "அந்தச் சாராயம் குடிச்சு ஆளுங்க செத்த இடமா?"ன்னார். 2024 ஜூனில் 60 பேருக்கும் மேல் இறந்தாங்களே, அதிலிருந்து எங்கே போனாலும் இந்தக் கேள்வி எங்களுக்கு முன்னாடி போய் உட்கார்ந்திருக்கு. "ஆமாங்கய்யா, அந்த மாவட்டம்தான்"னு சொல்லிட்டு வெளியே பார்த்தேன்.

சேச்சி பேச்சை மாத்தினாங்க. "மலையில் ராத்திரி யாருக்காவது உடம்பு முடியலைன்னா என்ன செய்வீங்க?"

கொஞ்ச நேரம் எனக்குப் பதில் வரலை. இப்போ வெள்ளிமலைக்கு ரோடு இருக்கு, ஆம்புலன்ஸ் வருது. வண்டி ஏறாத உள்ளூர்களில் இன்னும் டோலி கட்டித் தூக்கிட்டு வர்றதுதான். என் பெரியம்மாவைப் பிரசவத்துக்கு அப்படித்தான் தூக்கிட்டு வந்தாங்க. பெரியம்மா வந்து சேர்ந்தாங்க. குழந்தை வரலை. 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் நிலைமையைப் பத்தித் தானாவே வழக்கு எடுத்து, ரோடு, ஆஸ்பத்திரி, ஸ்கூல் எல்லாம் என்ன கதின்னு அரசாங்கத்தைக் கேட்டது. பேப்பரில் அதைப் படிச்சப்போ எங்க வீட்டில் யாரும் ஒண்ணும் பேசலை.

சேச்சி வீடு கைநகரிப் பக்கம். சுத்தியும் தண்ணி. அவங்க சின்ன வயசில் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தப்போ, ராத்திரி மழையில் சின்ன வள்ளத்தில் படுக்க வெச்சு, ரெண்டு சித்தப்பாமார் துழாவி ஆலப்புழா கொண்டு வந்தாங்களாம். "வழியெல்லாம் பாயல். துடுப்பு இழுக்கவே முடியலை"ன்னாங்க. பாயல்னா ஆகாயத் தாமரை மாதிரி மிதக்கிற பாசி. அப்பா பொழைச்சாரான்னு நான் கேக்கலை. அவங்களும் சொல்லலை. இப்போ ஆம்புலன்ஸ் படகு இருக்குன்னாங்க. ஜெட்டி வந்ததும் பையைத் தூக்கிக்கிட்டு, "ஒறிஜினல் மலையாளி, பின்னே காணாம்!"னு கையாட்டிட்டு இறங்கிப் போயிட்டாங்க.

சரி, வெளியே பாருங்க. குட்டநாடு! சேரர்களுக்கு 'குட்டுவன்'னு பேர் வந்தது இந்த நாட்டை வெச்சுத்தான்னு சொல்வாங்க. படகிலிருந்து பார்த்தா வயல் உங்க காலுக்குக் கீழே இருக்கும். நிஜமாத்தான்! கரைக்கு இந்தப் பக்கம் தண்ணி மேலே, அந்தப் பக்கம் நெல்லு கீழே. கடல் மட்டத்துக்கும் தாழ்வா விவசாயம் பண்ற பூமி இது. காயலில் சேறு அள்ளி வரப்பு போட்டு, உள்ளே இருக்கிற தண்ணியை இறைச்சு வெளியே தள்ளி, அந்தப் பள்ளத்தில் விதைக்கிறாங்க. 2013-ல் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு இதை உலக முக்கியத்துவம் உள்ள விவசாயப் பாரம்பரியம்னு அங்கீகரிச்சுது. 2018 வெள்ளத்தில் இந்தப் பள்ளம் முழுக்க நிறைஞ்சு, ஜனங்க வீட்டை விட்டுக் கூட்டம் கூட்டமா வெளியேறினதும் இதே இடம்தான்.

கரையில் ஓலைக் கொட்டகை மாதிரி ஒண்ணு தெரிஞ்சா விடாதீங்க. உள்ளே 'பெட்டியும் பறையும்' இருக்கலாம். நிமிர்த்தி வெச்ச மர டிரம் பறை, அதிலிருந்து கரையைத் தாண்டி நீட்டின மரக் குழாய் பெட்டி. டிரம்முக்குள்ளே இறக்கை சுத்தும், மேலே மோட்டாரும் பெல்ட்டும். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜார்ஜ் பிரண்டன் என்ற பிரிட்டிஷ் இன்ஜினீயர் வடிவமைச்சது. புத்தகத்தில் 'ஆக்ஸியல் ஃப்ளோ பம்ப், லோ ஹெட், ஹை டிஸ்சார்ஜ்'னு படம் போட்டிருக்குமே, அதன் மர அவதாரம்! அதுக்கு முன்னாடி ஆளுங்க சக்கரத்தின் மேல உட்கார்ந்து ராப்பகலா காலால் மிதிச்சுத் தண்ணி இறைச்சிருக்காங்க. லேபில் பம்ப் எக்ஸ்பெரிமென்ட்டுக்கு ரீடிங் காப்பியடிக்கிற மக்கள் இதை ஒருதடவை நேரில் பார்க்கணும்.

நெடுமுடியில் இறங்கி ஒரு சின்னக் கடையில் சாப்பாடு. தட்டில் ஆவி பறக்க என்னவோ மஞ்சளா மசிச்சு வெச்சு, மேலே சிவப்பா மீன் கறி. ஒரு வாய் வெச்சதும் தெரிஞ்சு போச்சு. அட, எங்க குச்சிக்கிழங்கு! இங்கே கப்பை. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த கிழங்கு இது. 19-ஆம் நூற்றாண்டில் விசாகம் திருநாள் மகாராஜா திருவிதாங்கூர் ஜனங்களைப் பயிர் பண்ண வெச்சு, சாப்பிடவும் பழக்கினார். பஞ்ச காலத்தில் எத்தனையோ வயித்தை நிரப்பியிருக்கு. எங்க மலையில் லாரியில் ஏத்துறதுக்காக விளையுது, இங்கே தட்டில் ராஜா. ரெண்டாவது தட்டு வாங்கினேன். பட்ஜெட் கொஞ்சம் உதைச்சது, பரவாயில்லை.

நெடுமுடியில் ஒரு வசதி. ஆலப்புழா - சங்கனாசேரி ரோடு அங்கேயே போகுது. போகும்போது படகு, திரும்பும்போது பஸ். படகில் ஒண்ணரை மணி நேரம் பார்த்து ரசிச்ச தூரத்தை பஸ் அரை மணியில் முடிச்சிடும். அந்த வித்தியாசத்தைக் கவனிச்சீங்கன்னா, படகுக்கு ஏன் ஆள் குறையுதுன்னு யாரும் விளக்க வேண்டியதில்லை. மிச்ச நேரத்தில் கலங்கரை விளக்கம் ஏறலாம் (திறந்திருக்கிற நேரத்தைக் காலையிலேயே கேட்டு வெச்சுக்கோங்க). இல்லைன்னா முல்லைக்கல் கடைத்தெருவில் சுத்தலாம். நான் அம்மாவுக்குக் கால் கிலோ மஞ்சள் வாங்கினேன். கடைக்காரர்கிட்ட "இது எங்கே விளைஞ்சது?"ன்னு கேட்டேன். "ஆலப்பி, ஆலப்பி!"ன்னார்.

கடைசியா ஒண்ணு. கோட்டயம் படகு சில சமயம் பாலம் வேலை, பாசின்னு வழியை மாத்தும், அதனால ஏறுறதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க. கைநகரி, ஆர் பிளாக் மாதிரி சுத்தித் தண்ணி இருக்கிற இடத்தில் இறங்கினா, திரும்புற கடைசிப் படகு எத்தனை மணிக்குன்னு ஜெட்டி பலகையைப் பார்த்துட்டு அப்புறம் நடக்க ஆரம்பிங்க. அதை விட்டா அங்கே பஸ்ஸும் கிடையாது, ஆட்டோவும் கிடையாது. கடைசி வண்டியை விட்டுட்டு ராத்திரியெல்லாம் நடந்தவன் கதை எங்க மலையில் வீட்டுக்கு ஒண்ணு இருக்கு.